வலது பாதி

கச்சான் காற்று காலையிலிருந்தே புழுதியை அள்ளி வந்து மில்லர்புரத்து வீடுகளின் கதவுகளில் எறிந்துகொண்டிருந்தது. எபனேசர் சாப்பாட்டு மேசை முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவர் அப்படித்தான். நாற்காலியின் சாய்மானத்துக்கு அவரிடம் வேலை கிடையாது.

மேசையில் சாப்பாடு இல்லை. மகன் பிரைட்டனின் லேப்டாப் திறந்திருந்தது. திரையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்கி அதை இரண்டாகப் பிளந்திருந்தது. இடது பாதியில் ஒரு கொழுத்த குழந்தை கார் பானட் மேல் உட்கார்ந்து சிரித்தது. வலது பாதி கறுப்பாகக் கிடந்தது.

"யாருலே இது?"

"டிக்சன் அத்தான்தாம்பா. ஒரு வயசுல."

"காரு மேல ஏத்தி வச்சிருக்கான். விக்கதுக்கா?"

பிரைட்டன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனான். அதே குழந்தை, மூன்றடுக்குக் கேக்கின் முன்னால். அடுத்தது ஒட்டகத்தின் மேல். அடுத்தது, கழுத்தில் சங்கிலியும் கையில் காப்புமாக ஏதோ ஒரு பளிங்குக் கட்டடத்தின் வாசலில். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து விநாடி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் கறுப்பு.

மகள் ஜெப்ஸிக்கும் சாத்தான்குளத்து டிக்சனுக்கும் கல்யாணம். சபையில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. 'இவர்கள் விவாகத்துக்கு நியாயமான தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்' என்று பாதிரியார் ஐயர் இரண்டு ஞாயிறு கேட்டு, இரண்டு ஞாயிறும் சபை வாய்மூடி இருந்தது. மூன்றாம் ஓலைக்கு நான்கு நாள் இருந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை காலை கோயிலில் ஆராதனை, மத்தியானம் மண்டபத்தில் பிரியாணி. மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வைக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் அதில் ஒரு படம் ஓட வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் பிறந்ததிலிருந்து வளர்ந்து வந்து, கடைசியில் நடுக்கோடு மறைந்து, ஒரே படத்தில் சேர வேண்டும். இது மாப்பிள்ளையின் அக்காள் கிரேஸ்லின் போட்ட உத்தரவு. தன் தம்பியின் படங்களை எல்லாம் அனுப்பிவிட்டு, குரல் செய்தி ஒன்றும் அனுப்பியிருந்தாள்.

பிரைட்டன் அதை மறுபடி ஓடவிட்டான். "ஜெப்ஸிம்மா, ரெண்டு பக்கமும் ஈக்வலா வரணும் கேட்டியா? தம்பிக்கு ஒரு வயசு கேக் வரும்போது ஒனக்கும் ஒரு வயசு கேக் வரணும். அவன் ஸ்கூல் யூனிபார்ம்ல நின்னா நீயும் யூனிபார்ம்ல நிக்கணும். ஒரு பக்கம் நெறஞ்சி ஒரு பக்கம் காலியா கெடந்தா பாக்கதுக்கு நல்லாருக்காது. எங்க சைடுல எல்லாரும் கேப்பாவ."

எபனேசரின் முகம் சுண்டியது. "நம்ம பிள்ளைய அளந்து பாக்காளோ? எடை போட்டு எடுக்கதுக்கு இது என்ன கருவாடா?"

அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வறுத்துப் பொடித்த பாசிப்பயறில் கருப்பட்டிப் பாகை ஊற்றி முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் எஸ்தர். எபனேசரின் செத்துப்போன மனைவி ஞானபாக்கியத்தின் தங்கை. கல்யாணப் பலகாரத்துக்காக நாசரேத்திலிருந்து வந்தவள்.

"அத்தான், அவ கேட்டதுல என்ன தப்பு? கல்யாணம்னா நாலு படம் காட்டத்தான் செய்வாவ. நம்ம பிள்ளைக்கி இல்லங்கது அவ குத்தமா?"

"ஒன் உருண்டையப் பாரு. ஒண்ணு எலுமிச்சங்காயா இருக்கு, ஒண்ணு நெல்லிக்காயா இருக்கு."

"எண்ணெயில போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று எஸ்தர் கையை நக்கிக்கொண்டாள்.

ஜெப்ஸியின் படங்கள் என்று வீட்டில் தேடியதில் கிடைத்தவை மூன்று. ஞானஸ்நானத்தன்று ஐயர் கையில் இருந்த ஒரு வெள்ளைத் துணிமூட்டை, முகம் தெரியாது. எல்.கே.ஜி. வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு எடுத்தது. அதில் அவள் பாதித் தலை. மூன்றாம் வகுப்பு அடையாள அட்டையிலிருந்து உரித்தெடுத்த தபால்தலை அளவுப் படம். நெற்றியின் மேல் பள்ளிக்கூட முத்திரை. அதற்குப் பிறகு ஒன்பது வயதில்தான் யாரோ ஒருவரின் செல்போனில் பிள்ளை முழுதாகத் தென்படுகிறாள்.

"எனக்கு அதுவும் இல்ல" என்றான் பிரைட்டன். "என் கல்யாணத்துக்கு ரெண்டு பக்கமும் பொண்ணு வீட்டுக்காரனத்தான் போடணும்."

இதில் பெரிய கேலி ஒன்று இருந்தது. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எபனேசரின் தொழிலே படம் எடுப்பதுதான்.

துறைமுகத்தில் சரக்குச் சேதத்தைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இருந்தார். கப்பல் வந்து நிற்கும். கிடங்கின் மூடியைத் திறப்பார்கள். உள்ளே கடல்தண்ணீர் புகுந்து கோதுமை புளித்திருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பச்சை முந்திரி பூசணம் பிடித்துப் பச்சைப் போர்வை போர்த்தியிருக்கும். மீன்தூள் வெந்து புகையும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே நிற்க, எபனேசர் இரும்பு ஏணியில் இறங்கிப்போய், முழங்கால் வரை அழுகலில் நின்று படம் எடுப்பார். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறுக்கும் ஒரு நோட்டில் குறிப்பு: எந்தக் கப்பல், எத்தனையாவது கிடங்கு, எந்த மூலை, எத்தனை மணி. இன்சூரன்ஸ்காரன் காசு கொடுப்பதும் கொடுக்காததும் அந்தச் சுருளின் வாயில்தான் இருந்தது.

கூட வேலை பார்த்தவர்கள் கடைசி இரண்டு மூன்று படத்தை வீட்டுக்கு மிச்சம் பிடிப்பார்கள். சிவனணைந்தபெருமாள் அப்படித்தான் தன் பிள்ளையை ரோச் பூங்காவில் ஊஞ்சலில் வைத்து எடுத்தார். அந்தச் சுருள் ஒரு வழக்கில் கோர்ட்டுக்குப் போயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் குழந்தை கப்பலின் எந்தக் கிடங்கில் இருந்தது?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. கம்பெனி மானம் கப்பலேறியது. எபனேசர் அந்தக் கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்கும்போதெல்லாம், "என் சுருள்ல ஒத்தப் பிள்ளை மூஞ்சி கெடையாது" என்பார். மெடல் குத்திக்கொண்டவர் போல நெஞ்சு ஒரு விரற்கடை உயரும்.

அன்று மத்தியானம் ஊளிமீன் குழம்பு. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் கண்ணில் லேப்டாப் திரை பட்டது. பிரைட்டன் மூட மறந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். வலது பாதி கறுப்பாக இல்லை.

ஒரு சின்னப் பெண் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கேக் மேல் ஐந்து மெழுகுவத்தி. பின்னால் பலூன்கள், சரவிளக்கு, மரப்படி ஏறும் பெரிய வீடு. பெண்ணுக்கு இடப்பக்கம் கோட்டு போட்ட ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, அவள் தோளில் கைவைத்து நின்றார். வலப்பக்கம் மாநிறத்தில் ஒரு பெண், கழுத்து நிறைய நகையோடு.

"இது யாரு வீட்டுப் படம்லே?"

பிரைட்டன் போனைக் கீழே வைத்தான். "நம்ம வீட்டுதாம்பா."

"நம்ம வீட்டுல ஏதுலே இந்த விளக்கு?"

"இல்லப்பா... அக்கா இப்ப உள்ள படத்தைக் கொடுத்தா, சின்ன வயசுல எப்பிடி இருந்திருப்பாங்கன்னு ஒரு ஆப் செஞ்சி தரும். ஒங்க படம், அம்மா படம் எல்லாம் கொடுத்தேன். அதுவா செஞ்சிச்சி. பாருங்க, இது நீங்க."

எபனேசர் குனிந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். சேதமான சரக்கைப் பார்க்கும் கண் அது, ஒன்றையும் விடாது. மெழுகுவத்தி வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் இன்னொரு பக்கம். பிள்ளையின் கத்தி பிடித்த கையில் ஆறு விரல். கோட்டுப் போட்டவனுக்கு எபனேசரின் மூக்கு, எபனேசரின் காது. பல் மட்டும் வேறு யாருடையதோ. வரிசையாக, வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி. அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. அந்தச் சந்தை அடைத்திருந்தார்கள்.

பிறகு அந்தப் பெண். ஞானபாக்கியம் கறுப்பு. கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. அந்தத் தழும்புகளை யாரோ மாவு வைத்துப் பூசி, தோலைச் சீவி எடுத்து, உள்ளே இருந்த ஒருத்தியை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அவருக்குக் குழம்பு நெஞ்சுக்கு வந்தது. முப்பத்தோரு வருஷம் அழுகலில் நின்று ஒருநாளும் வாந்தி எடுக்காதவர், புறவாசலுக்கு ஓடி முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார்.

எஸ்தர் செம்பில் தண்ணீரோடு வந்தாள். "மீனு சேரலியா அத்தான்? காலையில வாங்கினதுதான."

"மீனு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் வாயைத் துடைத்தார். "உள்ள போயி ஒன் அக்காளப் பாரு. செத்தவள வெள்ளையடிச்சி வச்சிருக்கான் அவ மவன்."

ஜெப்ஸி மருந்துக்கடை வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தாள். தலையில், புருவத்தில் எல்லாம் புழுதி. செருப்பைக் கழற்றுமுன்னே எபனேசர் ஆரம்பித்தார்.

"ஏளா, ஒனக்குத் தெரிஞ்சிதான் நடக்கா இது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். பிரைட்டன் தரையைப் பார்த்தான்.

"தெரியும்பா. நாந்தான் செய்யச் சொன்னேன்."

"சீ! நாசரேத்துல எங்க பாட்டன் கோயில்பிள்ளையா மணியடிச்சவரு. அந்தக் குடும்பத்துல பொறந்திட்டு, சபையில நின்னு மூணு ஓலை வாசிச்சி, உண்மைய உண்மையாச் சொல்லி ஒன்னக் கெட்டிக் குடுக்கேன். அங்கருந்து எறங்கி மண்டபத்துக்கு வந்த ஒடனே பொய்யப் பெருசாக்கிச் செவுத்துல காட்டணுமா? ஆறு விரலு இருக்குளா ஒனக்கு அதுல!"

"அது சரி பண்ணிரலாம்பா" என்றான் பிரைட்டன் மெதுவாக.

"நீ வாய மூடு."

ஜெப்ஸி கைப்பையைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. "கிரேஸ்லின் மதினி நேத்து போன்ல என்ன கேட்டாவ தெரியுமா? 'ஏன் ஜெப்ஸி, ஒன்பது வயசு வரைக்கும் படமே இல்லையே. ஒன்ன எங்கருந்தாவது எடுத்து வளத்தாவளா?'ன்னு. சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாவ."

எபனேசர் மேசையில் அறைந்தார்.

"அப்பிடியா கேட்டா? எடு போன. இப்பமே கேக்கேன்."

"கேட்டு? ஐநூறு பேரு முன்னால அங்கன ஒரு பக்கம் அவரு வளந்துகிட்டே வாராரு, ஒரு பக்கம் நான் இருட்டா கெடக்கேன். ஒவ்வொருத்தனுக்கும் நீங்க போன் போடுவியளா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்லு. எங்கப்பன் கம்பெனிப் பிலிம்ல கை வைக்காதவன்னு தலை நிமிந்து சொல்லு."

"சொல்லுதேன். எத்தனை வருஷமாச் சொல்லுதேன். ஸ்கூல்ல சொன்னேன், காலேஜ்ல சொன்னேன். எல்லாரும் ஒங்கள மெச்சினாவ." அவள் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. கடையில பிலிம் விக்கலியா?"

எபனேசர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"எண்பது ரூவா, நூறு ரூவா இருந்திருக்குமா அப்ப? கேமரா ஒங்க தோள்லயே கெடந்திச்சி. அம்மா கேட்டாவளே, எனக்கே ஞாபகம் இருக்கு. 'ஒரு பிலிமு நம்ம காசுல வாங்கிப் போட்டு பிள்ளைய ஒண்ணு எடுங்களேன்'னு. நீங்க என்ன சொன்னிய?"

அவர் என்ன சொன்னார் என்பது எஸ்தருக்கும் தெரியும். அக்காள் சொல்லி அழுதிருக்கிறாள். 'அழுகுனத எடுக்குத கண்ணு, வீட்டுலயும் வந்து எடுக்கணுமா' என்று சொன்னார். அந்தக் கேமராவை வீட்டுக்குள் திறந்தால் கிடங்கின் நாற்றம் எழும்பி வரும் என்று அவருக்குள் ஓர் அருவருப்பு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனிப் பிலிம் என்றே சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கும் அதுவே உண்மையாகிவிட்டது.

"எந்திரிச்சிப் போயி மூஞ்சியக் கழுவு" என்றார் அவர். சத்தம் இறங்கிவிட்டது.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும், வேட்டி மாற்றாமல் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. படம் கெட்டுப்போனால் கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கண்டவனின் எழுத்து படத்துக்குச் சமம். கறுப்புப் பாதியில் வெள்ளை எழுத்தாக அதைப் போடச் சொல்லிவிடலாம். பொய் வேண்டாம். ஒவ்வொரு வயதிலும் தன் மகள் எப்படி இருந்தாள் என்று தகப்பன் எழுதித் தருகிறான், எவன் கேட்பான்?

'வயது ஒன்று' என்று எழுதினார். அந்த வருஷம் சர்க்கரைக் கப்பல் ஒன்று தரைதட்டிற்று. மூன்றாம் கிடங்கு, இடப்பக்க மூலையில் மூட்டைகள் கரைந்து பாகாக ஓடின. முதல் படம் பத்து மணி இருபது நிமிஷத்துக்கு எடுத்தார். அது நினைவிருந்தது.

'வயது மூன்று.' பச்சை முந்திரி. ஏழு நாள் கப்பலிலேயே கிடந்தார். அந்த ஏழு நாளில் பிள்ளைக்கு ஏதோ காய்ச்சல் என்று சொன்னார்கள். என்ன காய்ச்சல்?

'வயது ஐந்து.' பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். அவள் அழுதாளா, சிரித்துக்கொண்டு போனாளா? பாவாடையா, கவுனா? முன்பல் எப்போது விழுந்தது? மீன்தூள் கப்பலின் பெயர் வந்தது, கேப்டனின் பெயர் வந்தது, கிடங்கில் செத்துக் கிடந்த எலிகளின் எண்ணிக்கைகூட வந்தது.

எஸ்தர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அத்தான், வயச மட்டும் எழுதிப் போட்டிருக்கிய?"

"எஸ்தரு, ஜெப்ஸி அஞ்சு வயசுல எப்பிடி இருந்தா?"

"எங்கிட்டக் கேக்கிய? நான் நாசரேத்துல இருந்தேன். ஒங்க வீட்டுலதான இருந்தா பிள்ளை."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. எபனேசர் அந்தத் தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிரைட்டனைக் கூப்பிட்டார்.

"அதையே போடு."

"எதப்பா?"

"அந்த அசிங்கத்தத்தான். அவ கேக்கால்லா, போடு. ஒன் அம்மைய மட்டும் எடுத்திரு. அவள வெளுத்துக் காட்டக் கூடாது. பொய்யில அவ நிக்க வேண்டாம்."

"அம்மாவ எடுத்துட்டா நீங்களும் அக்காவும் மட்டுந்தாம்பா இருப்பிய. எல்லாப் படத்துலயும்."

"இருந்துட்டுப் போட்டும்" என்றார். அப்போது அவர் அதை யோசிக்கவில்லை.

பிரைட்டன் ஒவ்வொரு படத்திலிருந்தும் அம்மாவை நீக்கினான். அம்மா நின்ற இடத்தில் திரைச்சீலையோ பலூனோ வந்து உட்கார்ந்தது. படத்தின் இரு ஓரங்களையும் வெட்டி வலது பாதிக்குள் அடக்கினான். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கேக்குகள் ஒரே உயரத்தில் வருமாறு நகர்த்தி வைத்தான். விரல்களை எண்ணிச் சரிபார்த்தான். பழைய பெட்டியில் கிடைத்தவை என்று எழுதி கிரேஸ்லினுக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பத்து இதயம் வந்தது.

வியாழக்கிழமை மண்டபத்தில் அது ஓடிற்று. எபனேசர் முன்வரிசையில் இருந்தார். சுவர் அகலத்துக்கு இடது பாதியில் டிக்சன் வளர்ந்தான். வலது பாதியில் ஒரு பெண் பிள்ளை வளர்ந்தாள். ஒரு வயதில் அவளைக் கையில் ஏந்தியிருப்பவர் எபனேசர். மூன்று வயதில் கடற்கரையில் விரல் பிடித்து நடப்பவர் எபனேசர். ஐந்தில் தோளில் கைவைத்தவர், ஏழில் பள்ளிக்கூட வாசலில் பையைச் சுமப்பவர் எபனேசர். சந்தில்லாத பல்லோடு, வருஷத்துக்கு ஒரு கோட்டோடு. காய்ச்சலில் பிள்ளையை மடியில் போட்டுக் கிடந்தவள், பாவாடை தைத்தவள், தலையில் பேன் பார்த்தவள் ஒரு மூலையிலும் இல்லை. அவர்தான் அவளை நீக்கச் சொன்னார்.

இடது பாதியில் டிக்சன் ஒவ்வொரு படத்திலும் தாயோடோ அக்காளோடோ நின்றான். அதை அப்போதுதான் எபனேசர் கவனித்தார். தகப்பன் ஒன்றில்கூட இல்லை.

நடுக்கோடு மறைந்தது. கைதட்டல் எழும்பிற்று. பின்னால் யாரோ ஒரு கிழவி, "எம்மா, எப்பேர்ப்பட்ட தாப்பனாரு!" என்றாள்.

பந்தியில் கிரேஸ்லின் தேடிவந்து எதிரே நின்றாள். எபனேசர் நினைத்துவைத்திருந்த மாதிரி இல்லை. கண்மை கலைந்திருந்தது.

"மாமா, நான் ஜெப்ஸிகிட்ட வெளையாட்டா ஒண்ணு கேட்டுட்டேன். மனசுல வச்சிக்கிடாதிய. எங்கப்பா துபாயில கெடந்தாவ. கேக்குக்கும் காருக்கும் காசு அனுப்புவாவ, வந்து நின்னதே கெடையாது. தம்பி படத்துல பாத்தியள்லா, ஒண்ணுல கூட இல்ல. நீங்க ஒரு பிறந்தநாளைக்கும் விடல போல. ஜெப்ஸி குடுத்து வச்சவ மாமா."

எபனேசரின் கையில் பிரியாணி உருண்டை இருந்தது. வாய்க்குப் போகவில்லை, இலைக்கும் போகவில்லை. மேடையில் மாலையோடு நின்ற ஜெப்ஸி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இலையில் எஸ்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு போட்டுருவேம்மா" என்றார் எபனேசர்.

குரல் தடுமாறவில்லை. எவ்வளவு எளிதாக வருகிறது என்று அவருக்கே வாய் கசந்தது. எஸ்தர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். கிரேஸ்லின் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"கப்பல் நின்னாலும் நிக்கட்டும்னு வந்துருவேன்" என்றார், அவள் கேட்காமலே.